கொசுறாக வந்த தாலாட்டு

பத்திரப்பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளியவன் எதை வாங்கினாலும் முதலில் நிபந்தனைகளைப் படிப்பான். கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு அந்த இசைத்தட்டு கூரியரில் வந்த அன்று நானும் அதைத்தான் செய்தேன். கறுப்புத் தட்டு ஒன்று, படம் போட்ட கனத்த உறை ஒன்று, உறைக்குள் சின்னதாக ஒரு அட்டை. அட்டையில் வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. அதைச் சுரண்டினால் ஒரு குறியீட்டு எண் தெரியும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தால், தட்டில் உள்ள பாட்டுகளைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். எண் ஒரு தடவைதான் செல்லும். தட்டு வாங்கியவருக்கு மட்டுமே இந்தச் சலுகை. பாட்டைத் தனியாக விற்பதில்லை.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மூலப்பத்திரத்தையும் சான்றிட்ட நகலையும் ஒரே கட்டணத்தில் கொடுக்கிற ஏற்பாடு இது. எங்கள் துறையில் இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தால், நகல் எடுத்துப் பிழைத்த பாதிப் பேர் வேலையை விட்டிருப்பார்கள்.

இதில் இன்னொரு விசேஷம், எங்கள் வீட்டில் தட்டைச் சுழலவிட எந்திரம் கிடையாது. தெரிந்தேதான் வாங்கினேன். காய்கறி வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவார்களே, எனக்கு அந்தக் கறிவேப்பிலைதான் வேண்டியிருந்தது. அதற்காகத் தட்டு என்கிற கத்தரிக்காயை முழுக் கூடையாக வாங்கும்படி ஆனது.

காரணம் எங்கள் மகள். கடல் கடந்து ஒரு குளிர் தேசத்தில் இருக்கிறாள். முதல் பிரசவத்துக்குப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள என் மனைவி கிளம்ப வேண்டியிருந்தது. பிரசவத்துக்குத் தாய் போவதுதான் வழக்கம்; தகப்பனுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. விசா, டிக்கெட், காப்பீடு எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மகள் போனில் சொன்னாள்.

"யம்மா, சரியாத் தூக்கமே வரமாட்டேங்குது. சின்னப்புள்ளையில பெட்டியில ஒரு பாட்டு போடுவீகள்ல, அது வந்துக்கிட்டே இருக்கு. ராகம் வருது, வார்த்த வரமாட்டேங்குது. அதக் கொண்டாங்க."

"லேகியம் கேப்பன்னு பாத்தா பாட்டுக் கேக்குறியே ஆத்தா!" என்றாள் மனைவி.

"லேகியத்த ஏர்போர்ட்டுல புடுங்கிக்கிருவாங்க. பாட்டப் புடுங்க மாட்டாங்க."

அது சினிமாப் பாட்டாக இருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. கைப்பேசியைத் தட்டினால் கொட்டும். இது ஏதோ ஒரு சின்னக் கம்பெனி எப்போதோ வெளியிட்ட கிராமியப் பாட்டுத் தட்டு. பாடிய அம்மாள் அதற்கு முன்னும் பின்னும் எதுவும் பாடியதாகத் தெரியவில்லை. நான் தேடாத இடமில்லை.

அந்தத் தட்டு எங்களிடம் வந்து சேர்ந்ததும் கொசுறாகத்தான். நான் போடியில் இளநிலை உதவியாளராக இருந்தபோது, ஏலக்காய் வியாபாரி ஒருவர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்ச் சேரத் தயாரானார். பத்திரம் பதிவாகி வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "தம்பி, பாட்டுப் பெட்டி ஒண்ணு கெடக்கு. பெட்டிய எடுத்துக்கிட்டா தட்டுகள சும்மா தாரேன். அதுகளத் தூக்கிச் சொமக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார். ஆக அந்தக் காலத்தில் பெட்டிக்குக் கொசுறு தட்டு. இந்தக் காலத்தில் தட்டுக்குக் கொசுறு பாட்டு. இன்னும் கொஞ்ச நாளில் பாட்டுக்குக் கொசுறாக எதைக் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.

சும்மா வந்த தட்டுகளில் ஒன்று அந்தத் தாலாட்டு. வரும்போதே அதில் ஆழமாக ஒரு கீறல் இருந்தது. மகள் பிறந்த பிறகுதான் அதற்கு வேலை வந்தது. என் மனைவிக்குக் குரல் வராது. அவளே சொல்லுவாள், தான் பாடினால் தூங்குகிற பிள்ளையும் எழுந்துகொள்ளும் என்று. அதனால் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பெட்டியைத் திருகிவிடுவாள். கை தொட்டிலை ஆட்டும், பெட்டி பாடும். வேலைப் பகிர்வு என்றால் அதுதான்.

பாட்டில் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அத்தை கிண்ணத்தில் பால் கொண்டுவருவாள். சித்தி பூக்கூடையோடு வருவாள். மாமன் தேக்குமரத் தொட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு வருவான். மாமன் தொட்டிலை இறக்கிவைத்த கையோடு 'டொக்' என்று ஒரு சத்தம். ஊசி கீறலில் ஏறிக் குதித்துவிடும். அடுத்து நிலா வந்து கூரைமேல் நிற்கும், பாட்டு முடிந்துவிடும். ஊசிமுனை மேல் நாலணாக் காசை வைத்துப் பார்த்தோம். கனத்தில் ஊசி குதிக்காது என்று யாரோ சொன்னார்கள். குதிக்கவில்லைதான், அங்கேயே நின்றுகொண்டு "மாமன், மாமன், மாமன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

மனைவியின் அண்ணன் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர். கூடையில் பழத்தோடு அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். அவருக்கு ஒரே கொண்டாட்டம்.

"கேட்டீகளா மாப்ள? பாட்டுப் பெட்டிக்கே தெரிஞ்சிருக்கு, யாரக் கூப்புடணும்னு. அத்த வந்துட்டா, சித்தி வந்துட்டா, நானும் வந்துட்டேன். அப்பனத்தேன் காணோம்."

"அப்பனுக்கு ஆபீஸ்ல லீவு கெடைக்கலையாம்" என்றாள் மனைவி, தொட்டிலை ஆட்டிக்கொண்டே.

அது வெறும் கேலி இல்லை. பதவி உயர்வு கிடைத்ததும் என்னைத் தெற்கே ஒரு கடலோர ஊருக்கு மாற்றினார்கள். அதன் பிறகு வேறொரு ஊர், அதன் பிறகு இன்னொன்று. குடும்பம் கம்பத்தில். நான் வாரக் கடைசியில் பஸ் பிடித்து வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருப்பாள். தொட்டில் பக்கம் கையைக் கொண்டுபோனால் மனைவி தட்டிவிடுவாள்: "இப்பத்தேன் அசந்திருக்கா. அங்கன நின்னு பாத்துக்கங்க. தொடாதீக." நான் அங்கேயே நின்று பார்த்துக்கொள்வேன். பெட்டி ஓடி முடித்து, ஊசி நடுவில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதை எடுத்து வைப்பது என் வேலை.

பேச்சு வந்ததும் மகள் தானே அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு அத்தை, சித்தி, மாமன் எல்லாரையும் வரிசையாக வரவழைத்து, "டொக்" என்று நாக்கைச் சொடுக்கிவிட்டு நிலாவுக்குப் போவாள். அந்த டொக் பாட்டில் ஒரு பகுதி என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஏன், கீறல் என்று தெரிந்த நாங்களும் கேட்டுக் கேட்டு அப்படியே பழகிவிட்டோம். அங்கே ஒரு சரணம் விழுந்து கிடக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு பெட்டியின் மோட்டார் புகைந்தது. பரணில் போட்ட தட்டுகள் சித்திரை வெயிலில் அப்பளமாக வளைந்தன. பழைய இரும்புக்காரர் எடையில்கூடச் சேர்க்காமல், மனமிரங்கித்தான் அவற்றை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் தாலாட்டுத் தட்டைத்தான் பழைய பதிவுகளைத் தேடிப் பிடித்து அச்சடிக்கும் ஒரு சிறு நிறுவனம் மறுபடி வெளியிட்டிருக்கிறது என்று இணையத்தில் கண்டுபிடித்தேன். வாங்கினேன், வந்தது, நிபந்தனைகளைப் படித்தேன். பட்டையை உடனே சுரண்டவில்லை. மனைவிக்கு மருமகன் வாங்கி அனுப்பியிருந்த புதுக் கைப்பேசி மறுநாள் வருவதாக இருந்தது. எண் ஒரு தடவைதான் செல்லும் என்றால், எந்தக் கருவியில் இறக்க வேண்டுமோ அதில்தான் இறக்க வேண்டும். முறை அதுதானே. அட்டையைப் பயணக் காகிதங்களோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்தேன்.

மறுநாள் மனைவி அந்த உறையோடு கடைவீதிக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்துவந்தாள். வந்ததும் மேசையில் பரப்பிக் காட்டினாள். மருந்துச் சீட்டு, மகளின் முகவரி, போன் நம்பர்கள் எழுதிய தாள், எல்லாம் பளபளவென்று லேமினேஷனுக்குள் இருந்தன. நடுவில், அதே பளபளப்போடு, என் அட்டை. வெள்ளிப் பட்டை சூட்டில் கறுத்துச் சுருங்கி, கருகிய வெங்காயத் தோல் மாதிரி இருந்தது.

"இத ஏன் போட்ட?"

"பத்தரமா இருக்கட்டும்னுதேன். நீங்கதான சொன்னீக, ரொம்ப முக்கியமான அட்டைன்னு. நனஞ்சா போச்சுல்ல?"

என் பணிக்காலம் முழுவதும் நான் சண்டை போட்டது இந்த ஒரே விஷயத்துக்காகத்தான். ஜெயமங்கலத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் தாத்தா காலத்துப் பத்திரத்தை லேமினேஷன் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "இதுல நான் எங்கய்யா சீல் குத்துறது? ஒன் நெத்தியிலயா?" என்று கேட்பேன். சுவரில் அறிவிப்பு எழுதி ஒட்டினேன். அந்த அறிவிப்பு கிழிந்துபோகிறதே என்று எங்கள் அலுவலக உதவியாளர் அதற்கும் லேமினேஷன் போட்டுவந்தார். அப்போதே நான் தோற்றுவிட்டேன். இத்தனை வருடம் கழித்து லேமினேஷன் என் வீட்டுக்கே வந்து அதைச் சொல்லிவிட்டுப் போகிறது.

ஓரத்தை வெட்டி, உள்ளே பிளேடு விட்டு, மெதுவாகப் பிரித்தேன். பிளாஸ்டிக்கோடு பட்டையும் உரிந்துவந்தது. பட்டையோடு எண்ணில் பாதியும் வந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஊகத்தில் போட்டுப் பார்த்தேன். இணையதளம் சில தடவை பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னைச் சந்தேகத்துக்குரிய நபர் என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்தியது. மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் மனு எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. 'தங்கள் மடல் கிடைத்தது' என்று எந்திரம் ஒன்று பதில் போட்டது. எந்திரத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்த எனக்கு விருப்பமில்லை. இசைத்தட்டு உறையின் பின்பக்கம் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு இளம்பெண் எடுத்தாள்.

"சார், கார்ட்ல அந்த சில்வர் பேட்ச்ச ஸ்க்ராட்ச் பண்ணிப் பார்த்தீங்களா?"

"அது இப்ப பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கிச்சும்மா. லேமினேஷன் பண்ணியாச்சு."

அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"கார்டப் போயி ஏன் சார் லேமினேட் பண்ணீங்க?"

முப்பது வருடமாக நான் கேட்ட கேள்வி. என் மேசைக்கு முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்ற அத்தனை பேரும் சொன்ன பதிலையே நானும் சொன்னேன்.

"பத்திரமா இருக்கட்டும்னுதாம்மா."

நல்ல பெண். வேறு எண் தர வழியிருக்கிறது என்றாள். ஆனால் தட்டு என்னிடம்தான் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். தட்டின் நடுக் காகிதத்தை ஒட்டி, பாட்டு முடிகிற வழுவழுப்பான இடத்தில் ஒரு எண் கீறப்பட்டிருக்கும். அது தெரியும்படியும், பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாள் தெரியும்படியும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

"உயிர்ச் சான்று மாதிரி" என்றேன்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. பென்ஷன்காரங்களுக்கு வருசா வருசம் உண்டு. உயிரோடதான் இருக்கோம்னு போய் மொகத்தக் காட்டணும். தட்டுக்கும் உண்டுன்னு இப்பத்தான் தெரியுது."

மனைவியைச் சன்னல் ஓரம் நிற்கவைத்துத் தட்டைக் கையில் கொடுத்தேன். பதிவு அலுவலகத்தில் சொத்து எழுதிக் கொடுப்பவரைக் கேமரா முன் உட்கார வைப்போமே, அதே முகத்தோடு நின்றாள்.

"நானும் விழணுமா, தட்டு மட்டுமா?"

"தட்டு போதும்."

"அப்ப எதுக்கு என்னியச் சீல தெரியப் புடிக்கிறீக?"

நாலைந்து படம் எடுத்ததில் ஒன்றில்தான் எண் தெளிவாக விழுந்தது. அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வார்த்தையை எத்தனை பேருக்கு நான் எழுதியிருக்கிறேன்! அதற்கு எந்தப் பொருளும் கிடையாது என்பது எழுதியவனுக்குத்தான் தெரியும்.

கிளம்புகிற நாளும் வந்துவிட்டது. விமானம் கொச்சியிலிருந்து, குமுளி வழியாக மலையேறி இறங்க வேண்டும். வாடகைக் கார் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. மகளிடம் என்ன சொல்வது என்று மனைவி கேட்கவில்லை. கூடலூர் கடைவீதிக்குள் நுழையும்போது என் பையில் கைப்பேசி அதிர்ந்தது. இசைத்தட்டு நிறுவனம் புதுக் குறியீட்டு எண் அனுப்பியிருந்தது.

"தம்பி, ஓரமா நிறுத்துப்பா" என்றேன் ஓட்டுநரிடம்.

"மலையேறிட்டு அங்கன நிப்பாட்டிக்கிருவமா சார்? நல்ல சாயா கெடைக்கும்."

"மலையில சிக்னல் இருக்காது. இங்கனயே நிறுத்து."

ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்புகளுக்குப் பின்னால், ஒரு வேப்பமரத்தடியில் ஒதுக்கினார். மனைவியின் புதுக் கைப்பேசியில் எண்ணைப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. இறக்கத் தொடங்கியதும், இடம் போதாது என்றது. புதுக் கைப்பேசியில் இடம் எப்படி நிறையும்? திறந்து பார்த்தால், பழைய கைப்பேசியிலிருந்து காலை வணக்கப் படங்களையெல்லாம் ஒன்று விடாமல் மாற்றி வைத்திருக்கிறாள். ரோஜாப்பூ, பிள்ளையார், காபிக் கோப்பை, மறுபடியும் ரோஜாப்பூ.

"அழிக்கவா?"

"பிள்ளையார மட்டும் விட்டுட்டு அழிங்க."

அழித்தேன். பாட்டு இறங்கியது. சரிபார்க்காமல் எதையும் பெற்றுக்கொள்வதில்லை என்பது என் வழக்கம். தாலாட்டை ஓடவிட்டேன். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

அதே அம்மாளின் குரல். பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போல. அத்தை பால் கொண்டுவந்தாள். சித்தி பூக்கூடையோடு வந்தாள். மாமன் தொட்டிலை இறக்கினான். என் மனைவியின் உதடுகள் டொக்குக்குத் தயாரானதை நான் பார்த்தேன்.

டொக் வரவில்லை. பாட்டு தடங்கலில்லாமல் அடுத்த அடியை எடுத்தது. அதில் அப்பன் இருந்தான். அப்பன் மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறான், நீ கண்ணை மூடிய பிறகுதான் வருவான், எட்ட நின்று பார்த்துவிட்டு விடிவதற்குள் போய்விடுவான், அதனால் கனவில் சிரித்துக்கொண்டே தூங்கு என்று அந்த அம்மாள் பாடினாள். பிறகு வழக்கம்போல நிலா வந்தது.

ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மனைவி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"தெனமும் கேப்பாளே, அப்பா எப்ப வருவாக, அப்பா எப்ப வருவாகன்னு. நான் ஒண்ணு மாத்தி ஒண்ணு சொல்லுவேன். பதிலு இதுக்குள்ளயே கெடந்திருக்கு."

இத்தனை வருடம் எங்கள் வீட்டுத் தாலாட்டில் எனக்குப் பங்கில்லை என்று மச்சானிடம் கேலி வாங்கியிருக்கிறேன். பங்கு இருந்திருக்கிறது, கீறலுக்கு அடியில் இருந்திருக்கிறது.

"பாட்டு நல்லாருக்கு சார்" என்றார் ஓட்டுநர். "போகலாமா? மேல பனிமஞ்சு எறங்கிருச்சுன்னா வண்டி ஊர்ந்துதேன் போகும்."

போனோம். மனைவியை வழியனுப்பிவிட்டு அதே காரில் திரும்பி வந்தேன்.

பேத்தி பிறந்தாள். பத்து நாள் கழித்து ஒரு காலையில் மகள் அழைத்தாள். பின்னணியில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"யப்பா, பாட்டுல அந்த டொக்கு வரமாட்டேங்குதே?"

"அது பழுதும்மா. புதுத் தட்டுல பழுது இருக்காது."

"எனக்கு அதான்ப்பா பாட்டு. அந்த எடத்துல இப்ப புதுசா ஒரு அப்பன் வேற வாராரு."

"வந்தா என்ன?"

"ஒண்ணுமில்ல. இங்க இவரு லீவு போட்டுட்டு வீட்டுலதான் இருக்காரு. குளிப்பாட்டுறதே அவருதான். அவரு மடியில போட்டு ஆட்டிக்கிட்டிருக்கப்ப, ஒங்கப்பன் வரமாட்டான்னு பாட்டு சொன்னா நல்லாவா இருக்கு? அதான் அந்த எடம் வந்தா பாப்பாவுக்குத் தாண்டி விட்டுர்றேன். நாக்க மட்டும் சொடுக்கிக்கிறேன்."

"நான் போட்டா முழுசாத்தேன் போடுவேன்" என்று பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

சரி என்றேன். ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை. மருமகன் வீட்டில் இருக்கிறார் என்றால் அந்தச் சரணம் அங்கே பொருந்தாதுதான். போனை வைக்கப் போகிற நேரத்தில் மகள் மறுபடி கூப்பிட்டாள்.

"யப்பா, நான் படுக்கறப்ப எனக்குன்னு வச்சுக் கேப்பேன்ல, அப்பத் தாண்டறதில்ல."

"தூக்கம் வருதா?"

"அப்பன் வாரதுக்குள்ள வந்துருது."

தட்டு என்னிடம் இருக்கிறது. போட எந்திரம் இல்லை. தேனியில் ஒரு கடையில் இப்போது புதிதாக எந்திரம் விற்கிறார்களாம். போய் நிபந்தனைகளைப் படித்துவிட்டு வரவேண்டும். அதுவரை, வெயில் விழும் நேரத்தில் தட்டைச் சன்னலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரப்பு தெரிகிறது. தாலாட்டு எது என்று கண்டுபிடித்துவிட்டேன். அதற்குள் அந்தச் சரணம் எங்கே கிடக்கிறது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.